ஒரு நடனத்தோடு போனவள்

எல்வ்நேஸ், 12 நவம்பர் 1961

அன்புள்ள அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது அவனுடைய காலணி நாடாதான். ஒரு காலில் கறுப்பு நாடா. இன்னொரு காலில் மீன்வலை பின்னுகிற தார் நூல், இரண்டு முடிச்சு போட்டது. நேற்று தொழிற்சங்க மண்டபத்தில் நடனம். நான் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல் தலையை நிமிர்த்தாமல் எல்லோருடைய காலணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலணிகள் என் முன்னால் வந்து நின்றன.

"ஆடலாமா?"

ஈவார். ஆற்றில் மிதந்து வரும் மரங்களைப் பிரிக்கிற இடத்தில் மிதவைக் கட்டைகள் மேல் நின்று வேலை செய்கிறவன். ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் நான்தான் அவன் தட்டில் உருளைக்கிழங்கு வைக்கிறேன். "நன்றி" தவிர வேறு எதுவும் அவன் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

ஆடினோம்.   என் கை வேர்த்து அவன் கையையும் நனைத்துவிட்டது. பாட்டு முடிந்தது. ஒருவரோடு ஆடினால் இரண்டு பாட்டுக்கு ஆடவேண்டும், ஒன்றோடு விட்டால் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்த மாதிரி என்று நீதான் எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தாய். அது எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் செய்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது பாட்டுக்காக நின்றான். பாவம், மரியாதைக்காக நிற்கிறான், மனசுக்குள் பெஞ்சுக்குப் போகத் துடிக்கிறான் என்று தோன்றியது. அவனை விடுவிக்கலாம் என்று நினைத்தேன். "நன்றி" என்று சொல்லிவிட்டு, தரையின் நடுவில் அவனை விட்டுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவன் அங்கேயே நின்றான். கை இன்னும் என்னைப் பிடித்திருந்த மாதிரியே இருந்தது.

நீ ஸ்டாக்ஹோமில் நூறு பேர் முகத்தைப் பார்த்துப் பாடுகிறாய். நான் ஒருத்தன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடி வருகிறேன். ஒரே அம்மா வயிற்றில்தான் பிறந்தோமா? இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான்.

அப்பா நலம். மரம் அறுக்கும் இயந்திரம் அவருடைய இடது காதையும் வாங்கிக்கொண்டுவிட்டது. இப்போது கத்தினால்தான் கேட்கிறது.

சிக்னே


ஸ்டாக்ஹோம், 20 ஜனவரி 1962

சிக்னே கண்ணு,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். நேரில் இருந்தால் காதைத் திருகக் கொடுத்திருப்பேன்.

உன் கடிதத்தை டிராமில் மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். இப்படி எழுத எங்கே கற்றாய்? பள்ளிக்கூடத்தில் எட்டாண்டு உட்கார்ந்த எனக்கு ஒரு வரி இப்படி வராது.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவே மாட்டேன் என்கிறாய். சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஓர் உணவு விடுதியில் பாடுகிறேன். எனக்கு ஒரு முக்காலி. பாடாதபோது அதில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எல்லாம் அமெரிக்கப் பாட்டு, ஆங்கிலத்தில். இசைத்தட்டைப் போட்டுப் போட்டு வாயசைவைப் பிடித்தேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. போன வாரம் உருகி உருகி ஒன்று பாடினேன். முன் மேஜைக்காரர் கையைத் தூக்கினார். ரசித்துவிட்டார் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் ஹெர்ரிங் மீன் கொண்டுவரச் சொல்லும்மா" என்றார். ஆறு வருஷம் சிக்னே. ஆறு வருஷமாக முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் பாடுகிறேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. வீட்டுக்காரி சுவரைத் தட்டுவாள், அதனால் முணுமுணுக்கக்கூட முடியாது.

என்னோடு பியானோ வாசிக்கிற ஆர்விட் சொல்கிறான்: "உன் பாஷையில ஒண்ணு எழுதிப் பாரேன். ஜாஸுக்கு இங்கிலீஷ்தான் வேணும்னு யார் சொன்னா?" முயன்று பார்க்கிறேன். ஏதாவது வந்தால் சொல்கிறேன்.

நீ எழுது. நிறைய எழுது. எதுவானாலும் எழுது.

ராக்னில்


எல்வ்நேஸ், 12 ஏப்ரல் 1962

அக்கா,

இன்று வியாழக்கிழமை. பட்டாணி சூப்பும் பான்கேக்கும். எண்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரி மேல் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் உன் பெயரைச் சொன்னார். சமையல் தலைவி ஹெட்விக் அத்தை கரண்டியைத் தூக்கி, "எல்லாரும் வாய மூடுங்கடா! நம்ம ஊர்ப் பொண்ணு பாடறா!" என்று கத்தினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நம்பு, முதல் இரண்டு வரி வரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

*வலை நூலால் காலணி கட்டியவன்*
*ஒரு நடனத்தோடு நன்றி சொல்லிப் போனான்.*
*இரண்டாவது பாட்டு தொடங்கிய தரையில்*
*இரு கையும் காலியாக நான்.*

கூடத்தில் ஒரு கரண்டிகூட அசையவில்லை. பிறகு எல்லோருடைய தலையும் மேஜைக்கு அடியில் போனது. ஈவாருடைய காலைப் பார்த்தார்கள். அவன் இன்னும் அந்த நூலைத்தான் கட்டியிருக்கிறான்.

ஈவாரோடு வேலை செய்கிற எஸ்கில்தான் ஆரம்பித்தான். "அடேய், நவம்பர்ல இந்தச் சின்னப்பொண்ணோட ஆடினது நீதானே? ஒண்ணோட கழட்டி விட்டுட்டியா?" எல்லாரும் சிரித்தார்கள். அது வேடிக்கைச் சிரிப்பு இல்லை. ஈவார் என்னைப் பார்த்தான். சூப்பைக் குடித்து முடித்தான்.

உனக்கு மட்டும் என்றுதானே எழுதினேன்? சரி, எடுத்தாய். ஏன் மாற்றினாய்? விட்டுவிட்டுப் போனது நான். அவன் நின்றான். நீ அதைத் தலைகீழாக்கிவிட்டாய்.

பாத்திரம் கழுவும்போது ஹெட்விக் அத்தையிடம் சொன்னேன். "அத்தை, போனது அவன் இல்லை, நான்" என்றேன். அவள் ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டாள். "நீயா? தெரியாத ஆள் இருந்தா கதவைக்கூடத் தள்ளித் திறக்க மாட்டே. அந்தப் பயலக் காப்பாத்தப் பாக்கறியா? நல்ல மனசுடீ உனக்கு" என்றாள்.

அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்குக்கூட இப்போது உன் பாட்டுதான் நினைவு. நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நீ பாடினால் எல்லாரும் நம்புகிறார்கள்.

சிக்னே


ஸ்டாக்ஹோம், 23 ஏப்ரல் 1962

சிக்னே,

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஒலிப்பதிவுக்கு முன் இரண்டு தடவை பேனா எடுத்தேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்வதையும் கேள். முதல் தடவை அந்த விடுதியில் இதைப் பாடியபோது முள்கரண்டிகள் நின்றன. ஒவ்வொன்றாக நின்றன. தட்டோடு வந்த பரிமாறுகிற பெண் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் பாட்டு முடிந்த பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை. அந்தக் கணத்துக்காகத்தான் நான் வீட்டை விட்டு வந்தேன். இப்போது பத்திரிகையில் "பாட்டெழுதும் பாடகி" என்று போடுகிறார்கள். முக்காலியை எடுத்துவிட்டார்கள். கோடையில் பூங்கா மேடைகளுக்கு முப்பது ஊர் ஒப்பந்தமாகியிருக்கிறது. இதே மாதிரி இன்னும் ஐந்து பாட்டு வேண்டுமாம், இலையுதிர் காலத்துக்குள்.

ஏன் மாற்றினேன்? விட்டுப்போகிறவள் பாடினால் யார் அழுவார்கள்? நிற்கிறவள்தான் பாட வேண்டும். அது பாட்டின் நியாயம். அந்தப் பையனைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எனக்கு அவன் ஒரு காலணி நாடா மட்டும்தான்.

சின்ன ஊர். ஒரு மாதம் பேசுவார்கள், அப்புறம் யாராவது படகைக் கவிழ்ப்பார்கள், அதைப் பேசுவார்கள்.

கோபம் தணிந்ததும் எழுது. இங்கே உன் கடிதம் வராத வாரம் நீளமாக இருக்கிறது. பாட்டுக்காகச் சொல்லவில்லை.

ராக்னில்


எல்வ்நேஸ், 25 ஜூன் 1962

அக்கா,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. யாரும் படகைக் கவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடுக்கோடை விழா. பூமாலை சுற்றிய கம்பம் நட்டார்கள், புது உருளைக்கிழங்கும் ஹெர்ரிங்கும் சாப்பிட்டார்கள், பிறகு படகுத்துறையில் நடனம். ஈவார் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். காலணியில் இரண்டு பக்கமும் புது நாடா. அவன் தபால் அலுவலகத்துப் பெண்ணிடம் போய்த் தலை குனிந்தான். "நான் உக்காந்திருக்கேன்" என்றாள். எஸ்கிலின் தங்கையிடம் போனான். அவள், "எத்தனை பாட்டுக்கு? ஒண்ணா, ஒண்ணரையா?" என்று கேட்டாள். துறை முழுக்கச் சிரித்தது. மூன்றாவதாக அவன் யாரிடமும் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் பத்து அடி தூரத்தில் இருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். 

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அவதான் போனா" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது சுவரைப் பார்த்து உட்காருகிறான். நான் கிழங்கு வைக்கும்போது தட்டை மட்டும் நீட்டுகிறான். நன்றி சொல்வதில்லை. வடக்கே சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்களாம், இலையுதிர் காலத்தில் போய்விடுவான் என்று ஹெட்விக் அத்தை சொல்கிறாள். அவனுக்கு இங்கே யாருமில்லை. போனால் திரும்ப மாட்டான். என்னால் போகிறான்.

ஆகஸ்டு நான்காம் தேதி நம் பூங்காவில் நீ பாடப்போவதாகக் கம்பங்களில் ஒட்டியிருக்கிறார்கள். உன் படம் போட்டு. ஒன்றுதான் கேட்கிறேன். அன்று மட்டும், இந்த ஊரில் மட்டும், நடந்ததை நடந்தபடி பாடு. வேறு எங்கே எப்படிப் பாடினாலும் நான் கேட்க மாட்டேன்.

சிக்னே


மால்மோ, 14 ஜூலை 1962

சிக்னே,

பேருந்தில் எழுதுகிறேன், கையெழுத்தை மன்னி. பன்னிரண்டாவது ஊர். வந்தவர்கள் என்னோடு சேர்ந்து பாடுகிறார்கள். சில இடங்களில் நான் வாயை மூடினாலும் பாட்டு நிற்பதில்லை.

மேலாளரிடம் கேட்டேன். "இசைத்தட்டுல இருக்கறதைக் கேக்கத்தான் ஜனங்க வர்றாங்க. உங்க குடும்பச் சண்டைய மேடையில வெச்சுக்காதீங்க" என்றார். முடியாது என்று நினைக்கிறேன். முடியாது. அந்தப் பையனுக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா?

அப்பாவுக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு மறந்துவிட்டது.

ராக்னில்


எல்வ்நேஸ், 19 ஜூலை 1962

அக்கா,

அவனுக்குக் கடிதம் எழுதாதே. உன் கடிதத்தை அவன் யாரிடம் காட்டுவான்?

அம்மா நோயில் படுத்தபோது எனக்குப் பதின்மூன்று. நீ பெட்டியோடு பேருந்தில் ஏறினாய். பள்ளியை விட்டு நின்றது நான். விட்டுப்போகிறவள் பாடினால் யாரும் அழ மாட்டார்கள் என்று எழுதினாயே, நான் அதை யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவுகிறேன். நீ நின்றவள் மாதிரிப் பாடுகிறாய். நீ நிற்கவில்லை. உன்னுடையதைக் கொண்டுபோய் ஈவார் தலையில் கட்டிவிட்டாய்.

சட்டை அப்பாவுக்குப் பெரிதாக இருக்கிறது. ஆனாலும் போட்டுக்கொள்கிறார்.

சிக்னே


ஹெர்னேசாண்ட், 5 ஆகஸ்டு 1962

சிக்னே,

நேற்று நிகழ்ச்சிக்கு முன் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தேன், நாம் இருவரும் காபியைப் பற்றித்தான் பேசினோம். அப்பா என்னைப் பார்த்து, "எல்லாரும் உன் பாட்டையே பாடறாங்களாமே, எதப் பத்தி அது?" என்று கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் "நடனத்தப் பத்திப்பா" என்று கத்தினேன். அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

உன் ஜூலைக் கடிதம் என் பையில் இருந்தது. பதிலாகத்தான் மேடையில் அப்படிச் செய்தேன். ஆர்விட்டிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து அந்த நான்கு வரியைத் திருப்பி எழுதினேன். நான் வெளிச்சத்தில் கதவைத் திறந்து போகிறேன், தரை நடுவில் ஒருவன் நிற்கிறான், அவன் கை இன்னும் என்னைப் பிடித்திருக்கிறது. அது உன் வாக்கியம்தான். நீ அதைக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டிருக்க முடியாது. யாருமே கேட்கவில்லை.

முதல் வார்த்தையிலேயே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். நானூறு பேர். நம் ஊர்க்காரர்கள், சந்தோஷமாக, கையைத் தட்டிக்கொண்டு, இசைத்தட்டில் இருக்கிறபடி. நான் என் வரியைப் பாடினேன், அவர்கள் அவர்கள் வரியைப் பாடினார்கள். இரண்டாம் சுற்றில் இன்னும் சத்தமாகப் பாடிப் பார்த்தேன். முன்னால் நின்ற ஒரு அம்மாள், "மறந்துட்டா பாவம்!" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லி, எனக்குக் கேட்கட்டும் என்று சரியான வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் நான் வாயை மட்டும் அசைத்தேன். ஆறு வருஷம் இங்கிலீஷில் செய்த மாதிரி.

வேலியோரம் அவன் நின்றதைப் பார்த்தேன். அவனாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பாடாதவர்கள் நாம் மூன்று பேர்தான்.

நீ எழுதியது சரி. பேருந்தில் ஏறும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். நீ வேலிப்பக்கம் நின்றாய் என்று அப்பா பிறகு எழுதினார். என்னால் போனவளாகப் பாட முடியவில்லை. அதனால் பாட்டில் அவனைப் போகவிட்டேன்.

இன்று வேறு ஊர். இங்கே இசைத்தட்டில் இருக்கிற மாதிரித்தான் பாடுவேன். உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. செப்டம்பரில் கோபன்ஹேகன், அப்புறம் ஹம்பர்க். மற்ற ஐந்து பாட்டை எங்கிருந்து எழுதப்போகிறேன் என்று தெரியவில்லை. உன் கடிதங்களை ஒரு உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அதைத் திறந்து எடுக்க மாட்டேன்.

நீ இனிமேல் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும். ஆனால் நான் தினமும் தபால் பெட்டியைப் பார்ப்பேன்.

உன் அக்கா
ராக்னில்


எல்வ்நேஸ், 8 ஆகஸ்டு 1962

அன்புள்ள அக்கா,

நீ வாயை வேறு மாதிரி அசைத்ததைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. ஆனால் அப்பா கண்டுபிடித்துவிட்டார். காது போன பிறகு அவர் எல்லாருடைய உதட்டையும்தான் படிக்கிறார். வீட்டுக்கு வரும் வழியில், "உங்கக்கா வேற எதையோ பாடினாளே, ஏன்?" என்று கேட்டார். அந்த நானூறு பேரில் உன் பாட்டைக் கேட்டது அவர் ஒருவர்தான். 

பாட்டு முடிவதற்குள் ஈவார் கிளம்பிவிட்டான். நான் வேலியைத் தாண்டி ஓடினேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். வெயில் இன்னும் இருந்தது. என்ன சொல்வது என்று யோசிக்காமல் போய்விட்டேன்.

"நான்தான் விட்டுட்டுப் போனேன்" என்றேன்.

"தெரியும். நான் அங்கதானே நின்னேன்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவன் பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொன்னா என்ன ஆகும்? உன்னக் கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு அது பழகிப்போச்சு. நீ எண்பது பேருக்குத் தினமும் சோறு போடணும்."

பிறகு, "ஏன் போனே? என் கை ஏதாவது... தார் வாசனையா?" என்று கேட்டான். ஒன்பது மாதமாக அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான் அக்கா. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் மரியாதைக்காக நிற்கிறான் என்று நினைத்து விடுவித்தேன் என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் காலணியைத்தான் பார்த்தேன். அவன் பூட்டைக் கழற்றினான். அப்புறம் சுரங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாகச் சொன்னான். பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை பேருந்து என்றான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

மூன்று நாள் யோசித்தேன். அவன் போவதை நான் நிறுத்த முடியாது. ஆனால் அந்தப் பெயரோடு போகக் கூடாது.

இன்று மதியம் கூடம் நிறைந்திருந்தது. பொரித்த ஹெர்ரிங், வெங்காயக் குழம்பு. ஈவார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எஸ்கில் வழக்கம்போல் உன் பாட்டை விசிலடித்தான். நான் கிழங்குப் பாத்திரத்தோடு அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன்.  பாத்திரத்தைக் கீழே வைத்தேன், சத்தமாகவே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பினார்கள்.

"கொஞ்சம் கேளுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஹெட்விக் அத்தை வானொலியை நிறுத்தினாள்.

"நவம்பர்ல ஈவார் என்ன விட்டுட்டுப் போகல. நான்தான் ஒண்ணோட போயிட்டேன். அவர் ரெண்டாவதுக்காக நின்னுக்கிட்டிருந்தார். எனக்குப் பயம். அவருக்கு என்னோட ஆடப் பிடிக்கலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அவர்மேல எந்தத் தப்பும் இல்ல."

எஸ்கில் முள்கரண்டியை ஆட்டினான். "அட, உங்கக்காவே பாடறாளே!"

"அக்கா அங்க இல்ல. நான் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஈவார் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தான். நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குக் கண் சாம்பல் நிறம். எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அதன் பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனேன்.

சிக்னே